சாம்பிளர் டிரம்ஸ்: பிரிப்பதும் பதிவதும் – வாசகர் கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கம்ப்யூட்டர் டிரம்ஸைப் பற்றியவை, அதாவது பதிந்து வைத்த டிரம் அடிகளை நோட் வரும்போது ஒலிக்க வைக்கும் சாம்பிளர் மென்பொருள்களைப் பற்றியவை. ஒரே கேள்வி பலரிடமிருந்து வந்திருந்தால் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறோம்.

ரீப்பர் என்ற இசைப்பதிவு மென்பொருளில், அடிக்டிவ் டிரம்ஸ் 2 என்ற சாம்பிளர் பிளக்-இன்னை வைத்து ஒரு பாட்டுக்கு டிரம்ஸ் அமைத்தேன். கிக்கை மட்டும் சோலோ செய்து ஒரு ரெண்டர் (ஒலி ஃபைலாக எடுப்பது), ஸ்னேருக்கு ஒன்று, ஓவர்ஹெட்டுக்கு (கிட்டுக்கு மேலே வைத்த மைக்) ஒன்று என்று 7 முறை ரெண்டர் செய்தேன். பிளக்-இன்னில் நன்றாகக் கேட்ட ஸ்னேர், 7 ஃபைலையும் அடுக்கிக் கேட்டால் மெலிந்துபோய்விட்டது. சில அடிகள் இரண்டு பேர் அடித்ததுபோல் இருக்கின்றன. எங்கே தவறு?
– மதுரை வாசகர்

7 முறை ரெண்டர் செய்ததுதான் தவறு.

தரமான டிரம் சாம்பிளர்களில் ஒவ்வொரு அடிக்கும் ஒரே ஒரு ஒலித்துண்டு இருப்பதில்லை. ஸ்னேரை ஒரே பலத்தில் பலமுறை அடித்துப் பதிந்து வைத்திருப்பார்கள். நோட் வரும்போதெல்லாம் அவற்றில் ஒன்றைச் சுழற்சி முறையிலோ குலுக்கல் முறையிலோ எடுத்து ஒலிக்க வைப்பார்கள். அப்படிச் செய்யாவிட்டால் வேகமான ஸ்னேர் உருட்டல் இயந்திரத் துப்பாக்கிபோல் கேட்கும். பிளேயை அழுத்தும் ஒவ்வொரு முறையும் இந்தத் தேர்வு மாறலாம். ஆக, நீங்கள் ஸ்னேர் மைக்கை ரெண்டர் செய்தபோது 5-ஆவது அடிக்கு ஒரு பதிவு ஒலித்திருக்கிறது, ஓவர்ஹெட்டை ரெண்டர் செய்தபோது அதே 5-ஆவது அடிக்கு வேறொரு பதிவு.

ஓவர்ஹெட் மைக்கில் சிம்பலோடு ஸ்னேரும் உரக்கவே விழுந்திருக்கும். ஒரே அடியை இரண்டு மைக்குகள் கேட்டால் அவற்றின் அலைகள் ஒன்றோடொன்று பொருந்தி ஒலியைத் தடிமனாக்கும். ஸ்னேர் மைக்கில் ஒரு அடியும் ஓவர்ஹெட்டில் வேறு அடியும் இருந்தால் அலைகள் பொருந்தாமல் சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். மெலிந்த ஸ்னேருக்குக் காரணம் இதுதான். ஹியூமனைஸ் (மனிதர் வாசித்ததுபோல் சிறு பிசகு சேர்ப்பது) போன்ற வசதியும் போட்டிருந்தால் நேரமும் சற்றே விலகும். அப்போதுதான் இரண்டு பேர் அடித்ததுபோல் கேட்கும்.

உங்கள் கிட் இப்படித்தான் நடந்துகொள்கிறதா என்று 2 நிமிடத்தில் சோதிக்கலாம். ஸ்னேரை மட்டும் இரண்டு முறை ரெண்டர் செய்து இரண்டு ட்ராக்குகளில் ஒரே இடத்தில் வையுங்கள். ஒன்றின் போலாரிட்டியைத் திருப்பிவிட்டு (அலையின் மேடு பள்ளத்தைத் தலைகீழாக்கி) இரண்டையும் சேர்த்து ஒலிக்க விடுங்கள். முழு நிசப்தம் என்றால் இரண்டும் ஒன்றே. ஏதாவது மிஞ்சிக் கேட்டால், அந்த மிச்சம்தான் ஒவ்வொரு ரெண்டருக்கும் மாறிய பகுதி.

தீர்வு: எல்லா மைக்கும் ஒரே ஓட்டத்தில் பதிவாக வேண்டும். அதற்கு முதலில் பிளக்-இன்னின் அவுட்புட்டுகளைப் பிரிக்க வேண்டும்.

ரீப்பரில் இன்செர்ட் மெனுவில் 'வர்ச்சுவல் இன்ஸ்ட்ருமென்ட் ஆன் நியூ ட்ராக்' கொடுத்து பிளக்-இன்னைத் தேர்ந்தெடுங்கள். அதற்குப் பல அவுட்புட்டுகள் இருந்தால், அவற்றுக்குத் தனித்தனி ட்ராக் அமைக்கவா என்று ரீப்பரே கேட்கும். 'யெஸ்' கொடுத்தால் ட்ராக்குகள் வரிசையாக வந்து நிற்கும். முதல் ட்ராக்கில் பிளக்-இன்னும் மிடியும் (எந்த நோட் எப்போது என்ற வாசிப்புத் தகவல்) இருக்கும். மற்றவை 3/4, 5/6, 7/8 என்று அதிலிருந்து வாங்கிக்கொள்ளும். இத்துடன் நிறுத்தினால் அந்த ட்ராக்குகள் வெறுமையாகவே இருக்கும். பலர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். பிளக்-இன்னுக்குள்ளும் பிரிக்க வேண்டும். அடிக்டிவ் டிரம்ஸில் ஒவ்வொரு சேனலின் அடியிலும் உள்ள சிறிய அம்புக்குறியை அழுத்தித் தனி அவுட்புட்டை இயக்குங்கள். சுப்பீரியர் டிரம்மர், ஈஸிடிரம்மர் வகையறாவில் மிக்ஸர் பக்கத்தில் அவுட்புட்டை 'மல்டிசேனல்' என்று மாற்றினால் எல்லாச் சேனலும் ஒரே அழுத்தத்தில் பிரிந்துவிடும். பிறகு பாட்டை ஓடவிட்டு, எந்த ட்ராக்கில் எந்த மீட்டர் ஆடுகிறது என்று பார்த்து உடனே பெயர் எழுதுங்கள். 'ட்ராக் 9' என்று விட்டுவைத்தால் மறுநாள் அது ரூம் மைக்கா, மூன்றாவது டாமா என்று தேட வேண்டியிருக்கும்.

ஃபேடருக்கு முன்பிருந்து எடுப்பதா, பின்பிருந்தா என்றும் தேர்வு வரும். முன்பிருந்து எடுத்தால் பிளக்-இன்னுக்குள் நீங்கள் வைத்த அளவுகள் வெளியே வராது. கிட்டுக்குள் வைத்த சமநிலை பிடித்திருந்தால் ஃபேடருக்குப் பின்பிருந்து எடுங்கள்.

இனி பதிவு. வாங்கும் ட்ராக்குகள் எல்லாவற்றையும் ஆர்ம் செய்து (பதிவுக்குத் தயாராக்கி), அந்தந்த ட்ராக்கின் ரெக்கார்ட் பொத்தானில் வலது சொடுக்குப் போட்டு, 'ரெக்கார்ட் அவுட்புட்' என்ற பிரிவில் கிக், ஸ்னேர், டாம்களுக்கு மோனோவும், ஓவர்ஹெட், ரூம் மைக்குகளுக்கு ஸ்டீரியோவும் தேர்ந்தெடுங்கள். அங்கே 'லேட்டன்ஸி காம்பென்சேட்டட்' என்று முடியும் வகையையே எடுங்கள். பாட்டை முழுதும் ஒருமுறை ஓடவிட்டுப் பதிவு செய்தால் எல்லா மைக்கும் ஒரே அடியைக் கேட்டிருக்கும். அந்த ட்ராக்குகளில் இக்யூ, கம்ப்ரசர் இருந்தால் அவையும் பதிவாகிவிடும். வேண்டாம் என்றால் முன்பே அணைத்துவிடுங்கள்.

பாட்டு முழுதும் ஓடும்வரை காத்திருக்க முடியாதவர்கள் ரெண்டர் ஜன்னலில் மூலத்தை 'ஸ்டெம்ஸ் – செலக்டட் ட்ராக்ஸ்' என்று வைத்து எடுக்கலாம். அதுவும் ஒரே ஓட்டம்தான். அதே பட்டியலில் 'செலக்டட் ட்ராக்ஸ் வயா மாஸ்டர்' என்றும் ஒன்று இருக்கும். அது ட்ராக்குகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தனித்தனி ஓட்டத்தில் எடுக்கும். அதைத் தொட்டால் 7 முறை ரெண்டர் செய்த அதே இடத்துக்குத் திரும்பிவிடுவீர்கள்.

தனித்தனியாகப் பிரித்த பிறகு டிரம்ஸ் முன்பைவிட உரக்கவும், ஏதோ குழாய்க்குள்ளிருந்து வருவதுபோலவும் கேட்கிறது. ட்ராக்குகளை மியூட் செய்தாலும் டிரம்ஸ் நிற்கவில்லை.
– திருச்சி வாசகர்

நீங்கள் டிரம்ஸை இரண்டு வழியாகக் கேட்கிறீர்கள். தனி அவுட்புட்டுகள் ஒரு வழி. பிளக்-இன்னின் உள் மாஸ்டர் 1/2 வழியாகப் பழையபடி வெளியே போய்க்கொண்டிருப்பது இன்னொரு வழி. ஒரே சிக்னல் இரண்டு முறை துல்லியமாகச் சேர்ந்தால் 6 டெசிபல் கூடும். ஒரு வழியில் மட்டும் ஏதாவது பிளக்-இன் இருந்து அதன் தாமதம் ஈடு செய்யப்படாமல் போனால் குழாய்ச் சத்தம் வரும். தாமதம் 1 மில்லி செகண்ட் என்றால் 500 ஹெர்ட்ஸில் முதல் பள்ளம் விழும். ஸ்னேரின் உடம்பு இருக்கும் இடத்துக்குச் சற்று மேலே அது.

சாம்பிளருக்குள் ஒவ்வொரு சேனலும் தனி அவுட்புட்டுக்கு மட்டும் போகிறதா, மாஸ்டருக்கும் சேர்த்துப் போகிறதா என்று பாருங்கள். மாஸ்டருக்குப் போவதை நிறுத்துங்கள். 1/2-இல் வேறெதுவும் இல்லை என்று உறுதியானால் மூல ட்ராக்கின் மாஸ்டர் சென்டையும் அணைத்துவிடலாம். மூல ட்ராக்கை மியூட் செய்யாதீர்கள். செய்தால் மற்ற ட்ராக்குகளுக்குப் போகும் ஒலியும் நின்றுவிடும்.

பிளக்-இன்னுக்குள்ளேயே இருந்த ரிவெர்ப், மாஸ்டர் கம்ப்ரசர் ஆகியவை தனி அவுட்புட்டுகளில் வராது. பிரித்ததும் கிட் வறண்டு கேட்பது அதனால்தான். அவற்றை வெளியே நீங்களே போட்டுக்கொள்ள வேண்டும்.

க்யூபேஸ், லாஜிக், எஃப்எல் ஸ்டூடியோ ஆகியவற்றில் இந்த வசதி எங்கே இருக்கிறது?
– பலர்

க்யூபேஸில் விஎஸ்டி இன்ஸ்ட்ருமென்ட்ஸ் ஜன்னலில் அந்த பிளக்-இன்னுக்கு எதிரே 'ஆக்டிவேட் அவுட்புட்ஸ்' இருக்கும். தேவையானவற்றை டிக் செய்தால் மிக்ஸரில் சேனல்கள் தோன்றும். லாஜிக் ப்ரோவில் பிளக்-இன்னைத் தேர்ந்தெடுக்கும்போதே ஸ்டீரியோவுக்குப் பதில் 'மல்டி அவுட்புட்' எடுக்க வேண்டும். பிறகு மிக்ஸரில் அந்தச் சேனலில் தெரியும் சிறிய கூட்டல் குறியை ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் ஒரு ஆக்ஸ் சேனல் கூடும். முதலில் ஸ்டீரியோவாகத் திறந்துவிட்டவர்களுக்குக் கூட்டல் குறியே தெரியாது.

எஃப்எல் ஸ்டூடியோவில் பிளக்-இன் ஜன்னலின் பல்சக்கரக் குறியை அழுத்தி, ப்ராசஸிங் பக்கத்தில் கனெக்‌ஷன்ஸின் கீழ் 'ஆட்டோ மேப் அவுட்புட்ஸ்' கொடுங்கள். பிளக்-இன் 10-ஆவது மிக்ஸர் ட்ராக்கில் இருந்தால் மற்ற அவுட்புட்டுகள் 11, 12 என்று அடுத்தடுத்து விழும். அங்கே ஏற்கெனவே குரலோ கீபோர்டோ இருந்தால் அதன்மேல் டிரம்ஸ் ஏறிவிடும். அதனால் டிரம்ஸைக் காலியான எண்களில் வைத்துத் தொடங்குங்கள். ஆர்டோர் பயன்படுத்துபவர்களுக்கு 'ஃபேன் அவுட்' என்ற ஒரே கட்டளை போதும்.

எந்த மென்பொருளானாலும் பிளக்-இன்னுக்குள்ளே ஒரு பிரிப்பு, வெளியே ஒரு பிரிப்பு என்று வேலை இரண்டு.

பிரிக்கும் தலைவலியே வேண்டாமென்று ஒரே சாம்பிளரை 5 முறை திறந்து, ஒன்றில் கிக் நோட்டுகள், ஒன்றில் ஸ்னேர் நோட்டுகள் என்று போட்டுவிட்டேன். இதில் என்ன குறை?
– கோவை வாசகர்

மின்னணு டிரம்ஸ் என்றால் குறையே இல்லை, தாராளமாகச் செய்யுங்கள். அங்கே கிக் ஒலியில் கிக் மட்டும்தான் இருக்கும்.

உண்மையான டிரம் கிட்டைப் பல மைக் வைத்துப் பதிந்த சாம்பிளர் என்றால் மூன்று இடத்தில் அடிபடும். திறந்த ஹை-ஹேட்டை மூடிய அடி வெட்டி நிறுத்த வேண்டும். இரண்டும் வெவ்வேறு பிரதிகளில் இருந்தால் ஒன்றுக்கு மற்றொன்று தெரியாது, திறந்த ஒலி இழுத்துக்கொண்டே போகும். அடுத்தது, ஓவர்ஹெட்டும் ரூமும் 5 பிரதிகளிலும் தனித்தனியாக இருப்பதால் முழு கிட்டையும் ஒரே கம்ப்ரசரால் அழுத்த முடியாது. கிக் விழும்போது அறை ஒலி மூச்சு விடுவதுபோல் அமுங்கி எழ வேண்டும் என்றால் எல்லா அறை ஒலியும் ஒரே இடத்தில் கூட வேண்டும். கடைசியாக நினைவகம், கிட்டின் அளவைப் பொறுத்து அது 5 மடங்குவரை போகலாம். ஒரே பிரதியில் எல்லா நோட்டையும் வைத்து அவுட்புட்டைப் பிரிப்பதே சரி. திருத்த வசதியாக மிடியை 5 ட்ராக்குகளில் வைத்துக்கொள்ளலாம். அவை அத்தனையும் ஒரே சாம்பிளர் ட்ராக்குக்கு மிடி அனுப்பட்டும்.

எலெக்ட்ரானிக் டிரம் கிட்டை யுஎஸ்பி வழியாக இணைத்து வாசிக்கிறேன். அடித்த பிறகு ஒலி பிந்தி வருகிறது. ஹை-ஹேட்டும் எப்போதும் திறந்தே ஒலிக்கிறது.
– யாழ்ப்பாண வாசகர்

பிந்துவதற்கு முதல் காரணம் பஃபர் அளவு, அதாவது கம்ப்யூட்டர் ஒலியை ஒரு தடவைக்கு எவ்வளவு சேர்த்து வைத்து அனுப்புகிறது என்பது. 44,100 ஹெர்ட்ஸில் 512 சாம்பிள் பஃபர் என்றால் 11.6 மில்லி செகண்ட். 128 என்றால் 2.9, 64 என்றால் 1.5. ஒலி காற்றில் 1 மீட்டர் கடக்க ஏறத்தாழ 3 மில்லி செகண்ட் எடுக்கும் என்பதால் 128-ஐ டிரம் வாசிப்பவர் உணரமாட்டார், 512-ஐ நிச்சயம் உணர்வார். விண்டோஸில் ஏசியோ டிரைவர் கட்டாயம். 128-இல் வெடிப்புச் சத்தம் வந்தால் மற்ற ட்ராக்குகளை ஃப்ரீஸ் செய்யுங்கள். மாஸ்டரில் லிமிட்டர், லீனியர் ஃபேஸ் இக்யூ இருந்தால் வாசிக்கும் நேரத்துக்கு எடுத்துவிடுங்கள். முன்கூட்டிப் பார்த்து வேலை செய்யும் பிளக்-இன்கள் பஃபருக்கு மேல் தங்கள் தாமதத்தையும் சேர்க்கும். டிரம் மாட்யூலின் சொந்த ஒலியும் ஹெட்ஃபோனில் கேட்டால் அதைக் குறைத்துவிடுங்கள். இரண்டும் சேர்ந்து கேட்கும்போது சிறு தாமதமும் பெரிதாகத் தெரியும்.

ஹை-ஹேட் விஷயம் வேறு. பெடல் எவ்வளவு மிதிபட்டிருக்கிறது என்பது நோட்டாக வராது. கன்ட்ரோலர் 4 என்ற தனித் தகவலாக வரும். ரோலண்ட் வகை மாட்யூல்களில் முழுக்க மிதித்தால் 127 பக்கம், விட்டால் 0. உங்கள் சாம்பிளர் இதைத் தலைகீழாக எதிர்பார்த்தால் மிதிக்க மிதிக்கத் திறக்கும். அதன் ஹை-ஹேட் அமைப்பில் திருப்பிவிடும் வசதி இருக்கும். தலைகீழாக இல்லாமல் எப்போதும் திறந்தே இருந்தால் கன்ட்ரோலர் 4 வந்து சேரவே இல்லை. மிடி வடிகட்டி ஏதும் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். நோட் எண்களையும் சரிபாருங்கள்: இவ்வகை மாட்யூல்களில் மூடிய ஹேட்டின் மேற்பரப்பு 42, விளிம்பு 22, திறந்தது 46, விளிம்பு 26, பெடல் 44. 22-உம் 26-உம் ஜெனரல் மிடி டிரம் பட்டியலில் இல்லை, அதனால் அந்தப் பட்டியலை மட்டும் பின்பற்றும் கிட்டில் விளிம்பு அடி ஊமையாகிவிடும். சாம்பிளரில் உங்கள் மாட்யூலுக்கான மேப்பைத் தேர்ந்தெடுத்தால் சரியாகும்.

வாசித்த பிறகு திருத்தும்போதும் இதே சிக்கல் வரும். ஒரு பாரின் (ஒரு தாளச் சுற்றின்) நோட்டுகளை மட்டும் நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் கன்ட்ரோலர் 4 அவற்றோடு வராது. முன்பு பெடல் எந்த நிலையில் நின்றதோ அதே நிலையில் அந்தப் பார் முழுதும் ஒலிக்கும். நோட்டோடு கன்ட்ரோலரையும் சேர்த்தே நகலெடுங்கள்.

தவில் அடிகளை நானே பதிந்து வைத்திருக்கிறேன். அவற்றை டிரம் கிட்டைப்போல் கீபோர்டில் வாசித்து, வலந்தலை, தொப்பி இரண்டையும் தனித்தனி ட்ராக்காக மிக்ஸ் செய்ய முடியுமா? ரீப்பர்தான் இருக்கிறது.
– தஞ்சாவூர் வாசகர்

அருமையான வேலை, கட்டாயம் முடியும். ரீப்பருடனேயே வரும் ரீசாம்பிள்ஓமேட்டிக் 5000 போதும்.

இரண்டு மைக் வைத்துப் பதிந்திருந்தால் அவற்றைத் தனி ஃபைல்களாக வெட்டாதீர்கள். வலந்தலை மைக் இடப்பக்கமும் தொப்பி மைக் வலப்பக்கமுமாக ஒரே ஸ்டீரியோ ஃபைலாக்கி, பிறகு வெட்டுங்கள். கூடு போட்ட விரல் வலந்தலையில் விழும்போது தொப்பியும் அதிர்கிறது. அந்த அதிர்வு தொப்பி மைக்கில் இருக்கும். முதல் கேள்வியில் சொன்ன அதே விஷயம்: ஒரு அடியை இரண்டு மைக்கும் கேட்டது கேட்டபடி சேர்ந்தே இருக்க வேண்டும். ஸ்டீரியோ ஃபைலாக இருந்தால் அவை பிரியவே வழியில்லை.

ஒவ்வொரு சொல்லுக்கும் (அடி வகைக்கும்) மெல்லியது, நடுத்தரம், பலமானது என 3 அளவுகள், ஒவ்வொன்றிலும் 4 அடிகள் இருந்தால் நல்ல கிட். 6 சொற்களுக்கு 72 துண்டுகள் ஆகும். எல்லாத் துண்டுகளும் அடி விழும் புள்ளியிலிருந்து ஒரே அளவு முன்னால் தொடங்கட்டும், 1 மில்லி செகண்ட் போதும். ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாக வெட்டியிருந்தால், தாளம் துல்லியமாக இருந்தும் நடை தள்ளாடும். காரணம் தெரியாமல் மிடியைத் திருத்திக்கொண்டிருப்பீர்கள்.

ஒரு சொல்லின் ஒரு அளவுக்கு ஒரு சாம்பிளர் பிரதி. அதில் நோட் தொடக்கம், முடிவு இரண்டையும் ஒரே எண்ணாக வையுங்கள், 36 என்று வைத்துக்கொள்ளலாம். வெலாசிட்டி (அடியின் பலம்) எல்லையை மெல்லியதற்கு 1–60, நடுத்தரத்துக்கு 61–100, பலமானதற்கு 101–127 என்று பிரியுங்கள். பயன்முறை 'சாம்பிள்' என்று இருக்கட்டும், சுருதி மாறாது. 'ஓபே நோட்-ஆஃப்ஸ்' டிக்கை எடுத்துவிடுங்கள். இருந்தால் விரலை எடுத்ததும் ஒலி அறுந்துவிடும். எல்லாப் பிரதிகளும் ஒரே ட்ராக்கில் அடுத்தடுத்து இருந்து 1/2-க்கே ஒலி அனுப்பட்டும்.

பிறகு இரண்டு புது ட்ராக்குகள் திறந்து, தவில் ட்ராக்கிலிருந்து ஒன்றுக்கு 1-ஆவது சேனலை மட்டும் மோனோவாகவும், மற்றொன்றுக்கு 2-ஆவதை மட்டும் மோனோவாகவும் அனுப்புங்கள். மூல ட்ராக்கின் மாஸ்டர் சென்டை அணையுங்கள். வலந்தலை ஒரு ஃபேடரில், தொப்பி ஒரு ஃபேடரில் வந்துவிடும். இரண்டையும் சேர்த்துக் கேட்கும்போது தொப்பியின் அடித்தள ஒலி (பேஸ்) குறைந்தால் ஒன்றின் போலாரிட்டியைத் திருப்பிப் பாருங்கள். இரண்டு தோலுக்கும் எதிரெதிர்ப் பக்கம் மைக் வைப்பதால் இது அடிக்கடி தேவைப்படும்.

மிக்ஸ் செய்பவருக்கு டிரம்ஸ் ஃபைல்களை எந்த அளவில், எப்படி அனுப்புவது? போன முறை முதல் கிக் காணவில்லை, கடைசி சிம்பல் வெட்டுப்பட்டிருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.
– சிங்கப்பூர் வாசகர்

முதல் கிக் காணாமல் போனது, நோட் மிகச்சரியாக ப்ராஜெக்டின் தொடக்கத்திலோ அதற்கு ஒரு மயிரிழை முன்னாலோ இருந்ததால்தான். நிஜமாக வாசித்த மிடியில் முதல் அடி பீட்டுக்குச் சற்று முன்னே விழுவது இயல்பு. பாட்டை 3-ஆவது பாரில் தொடங்கும்படி எல்லாவற்றையும் நகர்த்திவிட்டு, ரெண்டரை 1-ஆவது பாரிலிருந்து எடுங்கள். எல்லா ஃபைலும் அதே புள்ளியில் தொடங்குவதால் மறுபக்கம் அடுக்கும்போது தானாகப் பொருந்தும். முடிவில் சிம்பல் அடங்கும்வரை இடம் விடுங்கள். ரெண்டர் ஜன்னலில் 'டெயில்' என்ற இடத்தில் 6000 மில்லி செகண்ட் கொடுத்தால் பெரும்பாலான கிராஷுகளுக்குப் போதும், பெரிய ரைடுக்கு 10,000.

வேகமான ரெண்டரில் இடையிடையே அடிகள் விடுபட்டால் சாம்பிளர் வட்டிலிருந்து துண்டுகளை எடுத்துத் தரும் வேகத்தை ரெண்டர் மிஞ்சிவிட்டது என்று பொருள். முழு கிட்டையும் நினைவகத்தில் ஏற்றுங்கள், அல்லது பாட்டின் வேகத்திலேயே ரெண்டர் செய்யுங்கள்.

24 பிட் வேவ், அவர்கள் கேட்கும் சாம்பிள் ரேட். உச்ச அளவு −10 முதல் −6 டெசிபலுக்குள் நிற்கட்டும். ஃபைல்களைத் தனித்தனியாக நார்மலைஸ் செய்யாதீர்கள், மைக்குகளின் சமநிலை போய்விடும். 48,000 ஹெர்ட்ஸில் ஒரு மோனோ ட்ராக் நிமிடத்துக்கு 8.64 எம்.பி.; கிக், ஸ்னேர் மேல், ஸ்னேர் கீழ், ஹை-ஹேட், 3 டாம், ரைடு என்று 8 மோனோவும், ஓவர்ஹெட், ரூம் என்று 2 ஸ்டீரியோவும் கொண்ட 4 நிமிடப் பாட்டு ஏறத்தாழ 415 எம்.பி. வரும். கிக்கை ஸ்டீரியோவாக அனுப்பி அதை வீணாகப் பெருக்க வேண்டாம்.

இவற்றோடு டெம்போ எண்ணையும் மிடி ஃபைலையும் வையுங்கள். மிக்ஸ் செய்பவர் கிக்கை மட்டும் மாற்ற நினைத்தால் மிடி இருந்தால் சில நிமிட வேலை. ஆனால் புதிய கிக் ஒலியைப் பழைய ஓவர்ஹெட்டின்மேல் சேர்க்கும்போது இரண்டும் பொருந்துகிறதா என்று பெரிதாக்கிப் பார்த்து நகர்த்திக்கொள்ளச் சொல்லுங்கள். அந்த ஓவர்ஹெட்டில் உங்கள் பழைய கிக் இன்னும் இருக்கிறது.